கொடுக்க மட்டும் தெரிந்த பிள்ளை

நாரேவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. சுங்சோங் பக்கத்தில் பிறந்தவர்களுக்கே அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும் என்பது கொரியா முழுக்கத் தெரிந்த கேலி. ஏணியை இரவல் கேட்டால் ‘பாக்கலாம்’ என்பார்கள். பெண் கேட்டு வந்தவனிடம் ‘என்ன அவசரம்’ என்பார்கள். பஸ்ஸில் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறவனிடம்கூட ‘என் கால் மேல நிக்க வசதியா இருக்குங்களா?’ என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவர்களெல்லாம் பிழைக்கத் தெரிந்தவர்கள். ‘பாக்கலாம்’ என்றால் ஏணி கிடைக்காது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். நாரேவுக்கு அந்தப் ‘பாக்கலாம்’கூட வராது. கேட்டவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் கை தானாக நீண்டுவிடும்.

சோனான் ரயில் நிலையத்துக்கு எதிரே வால்நட் உருண்டை சுடும் கடையில் அவளுக்கு வேலை. “ரெண்டு சேத்துப் போடும்மா” என்று யாராவது சொன்னால் நாலு விழும். “இது கடையா, அன்னசத்திரமா? உன்னைக் கல்லாவுக்குப் பக்கத்துல நிக்க வெச்சா நான் ஓட்டாண்டிதான்” என்று முதலாளியம்மாள் அவளை மாவு கலக்கும் பக்கம் தள்ளிவிட்டாள். நாரே அதற்கும் சரி என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தாவோன் பிறந்தான். ஐந்து வயதாகியும் ஒரு சொல் இல்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளில் கணவன் தோகன் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதான். நாரே அழவில்லை. பிள்ளை பசித்துப்போயிருப்பானே என்பதுதான் அப்போது அவள் கவலை. அழுகையெல்லாம் பிறகு தவணை தவணையாக வந்தது.

தாவோனுக்குச் சக்கரம் வைத்த எதுவானாலும் பிடிக்கும், பஸ் என்றால் உயிர். அடுக்குமாடிக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலுக்குப் போனால் எந்தக் குழந்தையின் கையில் வண்டி இருந்தாலும் போய் எடுத்துக்கொள்வான். பறிக்கிற எண்ணமெல்லாம் கிடையாது. மரத்திலிருந்து விழுந்த இலையை நாம் எடுப்போமே, அப்படி எடுப்பான். அந்தப் பக்கத்துக் குழந்தை ஓவென்று அழும். அழுகைக்கும் தன் கையிலிருக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியாது. குடியிருப்புத் தாய்மார்களின் குழுவில் ‘குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பெற்றோர் கவனிக்க’ என்று செய்தி வரும். பெயர் போட மாட்டார்கள். நல்லவர்கள் பாருங்கள்! அன்று சாயங்காலமே நாரே வால்நட் உருண்டைப் பொட்டலங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்பாள்.

திடலில் நடந்ததையாவது விழுங்கிக்கொள்ளலாம். மாமனார் வீட்டில் நடந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. மாமனாருக்கு யேசானில் ஆப்பிள் தோட்டம். மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இலையுதிர் காலத்துச் சூசோக் திருநாளில் முன்னோருக்குப் படையல் வைத்து, பேரிக்காய்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். அவை உருளும் என்று எப்படித்தான் தெரிந்ததோ, தாவோன் போய் அடியிலிருந்த காயை உருவினான். கோபுரம் சரிந்தது, மதுக் கிண்ணம் கவிழ்ந்தது. மாமனார் கத்தவில்லை. கிளம்பும்போது நாரேவிடம் மெதுவாகச் சொன்னார்: “அடுத்த தடவை பிள்ளையை யார்கிட்டயாவது விட்டுட்டு வாம்மா. அவனுக்கும் அலைச்சல்தானே.”

அலைச்சலாம். யாரிடம் விடுவது? அந்த வீட்டில் அவனும் ஒரு பேரன், அவனுக்கும் அந்தக் கூடத்தில் ஒரு இடம் உண்டு என்று மாமனார் வாயால் ஒரு நாள் சொல்ல வைக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க நாரே வைராக்கியம் பிடித்து அலைந்தது இதற்காகத்தான்.

பயிற்சி மையத்தில் பியோ என்ற ஆசிரியை. ஒல்லியான பெண், வளவளவென்று பேச மாட்டாள். “எடுக்காதேன்னு சொல்லிக் குடுக்க முடியாது. எது தன்னுதுன்னே தெரியாத பிள்ளைக்கு அடுத்தவனுது எதுன்னு எப்படித் தெரியும்? முதல்ல இவனுதைக் காட்டுவோம்” என்றாள். தாவோனின் முகத்தைப் படமெடுத்து, நகத்தளவு ஸ்டிக்கராக்கி, அவனுடைய பஸ்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டினார்கள். வண்டியைத் திருப்பு, உன் முகம் இருக்கிறதா, உன்னுடையது. இல்லையா, திருப்பிக் கொடு.

சொல்ல ஒரு வரிதான். அதைப் பிள்ளையின் மண்டையில் ஏற்ற நாரே பட்ட பாடு நாய் படாத பாடு. அவன் அலறுவான், தரையில் புரளுவான், அவள் மணிக்கட்டைக் கடிப்பான். கடையில் அந்தத் தழும்பைப் பார்த்து “அடுப்புல சுட்டுக்கிட்டியா?” என்று கேட்டால் ஆமாம் என்பாள். குளிர்காலம் முடியும் சமயம், திடலில் ஒரு சிவப்பு லாரியை எடுத்தவன் அதைத் திருப்பி அடியைப் பார்த்தான். தன் முகம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்தக் குழந்தையின் காலடியில் வைத்துவிட்டு வந்தான். நாரே ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பாடம், கொடுப்பது. எதிரில் ஒருவர் உள்ளங்கையை விரித்து நீட்டினால் ஒரு பஸ்ஸை அதில் வைக்க வேண்டும். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். மணல் தீர்ந்ததும் பஸ் திரும்பி வந்துவிடும். தயங்கினால் முழங்கையில் லேசாகத் தட்டுவாள் நாரே, அதுதான் அவனுக்கு அடையாளம். போனது திரும்பி வரும் என்று தெரிந்த பிறகு அவனுக்குப் பயம் போயிற்று. வசந்தம் போய்க் கோடை வந்தபோது முழங்கையில் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. கை நீண்டதும் கொடுத்தான். திடலில் தாய்மார்கள் வாயைப் பிளந்தார்கள். “எங்க வீட்டு வாலு செத்தாலும் குடுக்காது. இவன் எவ்வளவு நல்ல பிள்ளை!” என்று பாராட்டினார்கள். நல்ல பிள்ளை. அந்த வார்த்தையைக் கேட்க நாரே எத்தனை பொட்டலம் சுமந்திருப்பாள்!

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு” என்றாள் பியோ. “கையைத் தள்ளிவிட. வேணாம், தர மாட்டேன்னு காட்ட. அது தெரியாட்டா இது பாதிப் பாடம்தான்.”

“முதல்ல இது நல்லா படியட்டும் டீச்சர். அதைச் சொல்லிக் குடுத்தா இதை மறந்துடுவான்.”

“அப்படியெல்லாம் மறக்காது.”

“சூசோக் முடியட்டும் டீச்சர். அப்புறம் பாக்கலாம்.”

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாரே ‘பாக்கலாம்’ என்று சொன்னாள். சொல்லக் கூடாத இடத்தில் சொன்னாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சுங்சோங் பக்கத்தில் யார்தான் பிள்ளைக்குக் கையைத் தள்ளிவிடச் சொல்லிக் கொடுப்பார்கள்? விட்டுக்கொடு, சின்னவனுக்குக் கொடு, விருந்தாளிக்குக் கொடு என்றுதான் எல்லா வீட்டிலும் தாலாட்டே ஆரம்பிக்கும்.

சூசோக் வந்தது. பஸ்களைக் கூடையில் போட்டுக்கொண்டு மூவரும் யேசான் போனார்கள். தோகனின் தங்கை யோன்ஜு தன் ஏழு வயது மகன் யூலோடு முன்னாலேயே வந்திருந்தாள். படையலின்போது நாரே தாவோனை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பேரிக்காயை அவன் பார்த்தான், தொடவில்லை. படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு, அவள் சமையலறையில் பித்தளைக் கிண்ணங்களைக் கழுவ உட்கார்ந்தபோது கூடத்தில் சிரிப்புக் கேட்டது. முதலில் யோன்ஜுவின் குரல்.

“ஐயோ, இங்க பாருங்களேன்! யூல் கையை நீட்டினா போதும், தூக்கிக் குடுத்துடறான். அண்ணி, உங்க பிள்ளை தங்கம் அண்ணி! எங்க வீட்டுக் கஞ்சனுக்குக் கொஞ்சம் கத்துக் குடுக்கச் சொல்லுங்க.”

பிறகு மாமனாரின் சிரிப்பு. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. “எங்கே, தாத்தாவுக்கு? அட, தாத்தாவுக்கும் குடுத்துட்டான்! நம்ம வம்சம்டா இவன். உங்க பாட்டன் இப்படித்தான், ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தாரு.”

நம்ம வம்சம். நாரேவின் கை சோப்பு நுரையில் அப்படியே நின்றது. கண்ணில் நீர் முட்டியது. கேட்டாயா, இதைத்தானே கேட்க ஆசைப்பட்டாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரிப்பு அலையலையாக வந்துகொண்டே இருந்தது. அவள் இன்னும் நாலு கிண்ணங்களைக் கழுவினாள். அந்த நாலு கிண்ணங்களை நினைத்துப் பிற்பாடு அவள் தூங்காமல் புரண்ட இரவுகள் உண்டு.

ஈரக் கையோடு அவள் வெளியே வந்து பார்த்தபோது கூடை காலி. பஸ்கள் எல்லாம் யூலின் மடியில். யூல் மறுபடி மறுபடி கையை நீட்டிக்கொண்டிருந்தான். தாவோன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருந்தான். பாதி தின்ற பிறைக் கொழுக்கட்டையைக் கொடுத்திருந்தான். காலுறைகளைக் கழற்றிக் கொடுத்திருந்தான். மேல்சட்டையும் யூலின் மடியில்தான் கிடந்தது. ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு அவன் தரையைத் தேடினான். மணல் கடிகாரத்தைத் தேடுகிறான் என்று அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்? அது சோனானில் அலமாரியில் இருக்கிறது. இங்கே மணல் கொட்டவில்லை, அதனால் எதுவும் திரும்பி வரவில்லை. அவன் அழவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்திருந்தது.

“இன்னும்? இன்னும் என்ன வெச்சிருக்கே?” யூல் கையை நீட்டினான்.

தாவோன் தன்னைச் சுற்றிப் பார்த்தான். கொடுக்க எதுவும் இல்லை. தன் வலது கையைத் தூக்கி யூலின் உள்ளங்கையில் வைத்தான்.

“ஐயோ, என் கண்ணே! கையைக் குடுக்கிறான் பாருங்க!” என்று யோன்ஜு உருகினாள். தோகனுக்குக் கண் கலங்கியது. யாரையும் தன் கையைத் தொடவிடாத பிள்ளை அவன். யூல் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். தாவோன் கூடவே போனான். வெறுங்காலோடு, வெற்று மார்போடு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அப்போதுதான் நாரேவுக்கு உறைத்தது. இவன் யார் கையை நீட்டினாலும் போய்விடுவான். திடலில் முன்பின் தெரியாத ஒருத்தன் நீட்டினாலும் சரி, ரயில் நிலையத்தில் எவனோ நீட்டினாலும் சரி, இப்படித்தான் போவான். அலறத் தெரிந்த பிள்ளையை அலறாத பிள்ளையாக்கி, கடிக்கத் தெரிந்ததைக் கடிக்காததாக்கி, மிச்சமிருந்ததையும் கொடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள். வேறு யாருமில்லை, பெற்றவளே.

ஓடிப்போய் அவனைத் தூக்கினாள். “என்ன அண்ணி, விளையாடறாங்க, விடுங்களேன்” என்றாள் யோன்ஜு. நாரே அவனுக்குச் சட்டையை மாட்டினாள், பஸ்களைப் பொறுக்கினாள். யூல் நீலப் பஸ்ஸை மட்டும் விடவில்லை. “எனக்குத்தானே குடுத்தான்!” என்று அழுதான்.

“ஒரு பொம்மைதானேம்மா. விருந்தாளியா வந்த பிள்ளை, எடுத்துட்டுப் போகட்டும்” என்றார் மாமனார்.

நாரேவின் வாய் திறந்தது. “பரவாயில்ல மாமா” என்று வந்தது. தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

காரில் தோகன் உற்சாகமாக இருந்தான். “அப்பா இப்படிச் சிரிச்சுப் பார்த்தே வருஷக்கணக்காச்சு.”

“பின்னாடி பாருங்க” என்றாள்.

தாவோன் கூடையைக் கவிழ்த்து எல்லாப் பஸ்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையைக் கடித்துக்கொண்டான். சோனான் வரும்வரை கடித்தான்.

திருநாள் விடுமுறை முடிந்ததும் நாரே பியோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பியோ திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். பியோ ஒரு தம்ளர் பார்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். “வெள்ளரிக்காய் பிடிக்குமா அவனுக்கு?” என்று கேட்டாள்.

“கண்ணால கண்டாலே ஓடுவான்.”

“அப்ப அதுல இருந்து ஆரம்பிங்க.”

வீட்டில் ஒரு வெள்ளரித் துண்டை அவன் முன் நீட்டினாள். அவன் அலற வாயைத் திறந்தான். அதற்குள் அவன் கையைப் பிடித்துத் தன் கையைத் தள்ளவைத்தாள். வெள்ளரி உடனே மறைந்தது. அவன் அசந்துபோய்ப் பார்த்தான். மறுபடி வெள்ளரி. மறுபடி தள்ளல். மறுபடி மறைந்தது. ஒரு வாரத்துக்குள் வெள்ளரியைத் தானாகவே தள்ளினான். அதற்கு மேல்தான் முட்டுச் சந்து. பஸ்ஸுக்காகக் கையை நீட்டினால் உடனே கொடுத்துவிடுவான். “தள்ளுடா கண்ணு. அம்மா கையைத் தள்ளு. இது உன்னுது, தர வேணாம்” என்பாள். கொடுப்பான். திருப்பித் தந்து மறுபடி நீட்டுவாள். கொடுப்பான். ஒரு நாள் பஸ் தீர்ந்ததும் கால் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். நாரே குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

தோகனுக்குப் பொறுக்கவில்லை. “குடுக்கக் கத்துக்க ஒரு வருஷம். இப்போ குடுக்காம இருக்கக் கத்துக்க இன்னொரு வருஷமா? ஊரே மெச்சின ஒரே விஷயம் நாரே! அதையும் ஏன் கெடுக்கிறே?”

“ஊர் மெச்சி என்ன ஆகப்போவுது?”

“நம்மகிட்ட அவனுக்குன்னு வேற என்ன இருக்கு?” என்றான் தோகன். அவன் குரல் உடைந்தது. அவனும் பெற்றவன்தானே, அவனுக்கும் நாலு பேர் முன்னால் ஒரு சந்தோஷம் வேண்டாமா?

முதல் பனி விழுந்த வாரத்தில் ஒரு மத்தியானம், தாவோன் மஞ்சள் பஸ்ஸை வரிசையின் கடைசியில் வைக்கப்போகும் நேரத்தில் அவள் கையை நீட்டினாள். அவன் கையைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். பஸ்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் அவள் விரல்களை நெட்டித் தள்ளினான். நகம் கீறி எரிந்தது. “சபாஷ்டா! சபாஷ்டா என் ராஜா!” என்று அவள் போட்ட கூச்சலில் அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம் எல்லாம் சுகமே என்று நினைத்துவிடாதீர்கள். அவன் தொட்டதற்கெல்லாம் தள்ளினான். மருந்தைத் தள்ளினான், தொப்பியைத் தள்ளினான், திடலில் ஒரு சிறுமியின் கையைத் தள்ளியதில் அவள் மல்லாக்க விழுந்தாள். லிப்டில் அந்தப் பெண்ணின் தாய், “முன்னாடி எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தான்” என்றாள். “விழ வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. மெதுவாத் தள்ளச் சொல்லித் தரேன்” என்றாள் நாரே. தள்ளாமல் இருக்கச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அன்று பொட்டலம் எதுவும் கொண்டுபோகவில்லை. இரண்டு நாள் அவளுக்கு நெஞ்சு படபடத்தது, அது வேறு விஷயம்.

சந்திரப் புத்தாண்டு வந்தது. யேசான் போகும் வழியில் தோகன் சாலையைப் பார்த்தபடியே பேசினான். “அப்பா எதிர்பார்த்துட்டு இருக்காரு. போன்ல மூணு தடவை கேட்டுட்டாரு, பேரன் குடுக்கிறதைப் பாக்கணும்னு. பெரியப்பாவையும் வரச் சொல்லியிருக்காராம். அவர் நீட்டினா மட்டும் முழங்கையில ஒரு தட்டுத் தட்டிடு. ஒரே ஒரு நாள்தானே, நாரே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முழங்கையில் ஒரு தட்டு. அவ்வளவுதான் செலவு. மாமனார் சிரிப்பார், வம்சம் என்பார், கூடத்தில் பிள்ளைக்கு இடம் நிலைத்துவிடும். வழி நெடுக அதையேதான் நினைத்துக்கொண்டு போனாள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்து முடித்து, எல்லோரும் அரிசி வில்லைச் சூப்புக்கு உட்கார்ந்தார்கள். தாவோன் நாரேவின் பக்கத்தில் பஸ்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தான். மாமனார் தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “இதைப் பாருங்கண்ணே. வாய்தான் பேசாது, கை வள்ளல் கை.” மேசைக்கு மேலாகக் குனிந்து உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஆப்பிள் மரக் கிளைகளை வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய அகலமான கை. “தாத்தாவுக்கு ஒண்ணு குடுடா, ராசா.”

தாவோன் கையைப் பார்த்தான். அசையவில்லை.

“தட்டு” என்றான் தோகன், உதடு அசையாமல்.

நாரேவின் விரல்கள் பிள்ளையின் முழங்கைவரை போயின. அங்கே நின்றன. திரும்பி வந்து அவள் மடியில் அடங்கின.

தாவோன் பஸ்ஸை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தாத்தாவின் கையைத் தள்ளினான். மெதுவாகத்தான் தள்ளினான். ஆனாலும் தள்ளினான்.

யோன்ஜு கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியப்பா தன் சூப்பை உற்றுப் பார்த்தார். மாமனாரின் காது மடல் சிவந்தது. நீட்டிய கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“இதை யாரு சொல்லிக் குடுத்தது?”

“சின்னப் பையன்ப்பா, தெரியாம பண்ணிட்டான்...” என்று தோகன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

“தெரிஞ்சுதான் பண்ணினான் மாமா” என்றாள் நாரே. “நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“பெரியவங்க கேட்டா இல்லைன்னு சொல்லவா?”

“யாரு கேட்டாலும் மாமா. கடைசி வரைக்கும் அவன் பக்கத்துல நான் இருக்க மாட்டேனே.”